ஆட்டிசம்: ஊர் கூடி இழுக்க வேண்டிய தேர்

கருவுற்ற பெண்கள் பாராசிட்டமால் உட்கொள்வதற்கும் பிறக்கும் குழந்தைக்கு ஆட்டிசம் ஏற்படுவதற்கும் தொடர்பு உண்டு என்று 2025 செப்டம்பர் 22 அன்று வெள்ளை மாளிகையில் அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் பேசினார். அந்த மாத்திரையைத் தவிர்க்குமாறு கர்ப்பிணிகளுக்கு அறிவுரையும் கூறினார். அடுத்த இரு நாள்களில், அத்தகைய தொடர்பை உறுதிசெய்யும் சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் விளக்கமளித்தது. ஆனால், முதல் செய்தி பரவிய வேகத்தில் மறுப்புச் செய்தி பரவுவதில்லை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எனக்குத் தெரிந்த குடும்பங்களின் கைப்பேசிகளுக்கு வந்து சேர்ந்தது முதல் செய்தி மட்டும்தான். ‘காய்ச்சலுக்கு நான் போட்ட மாத்திரைதான் என் பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டதா?’ என்று ஒரு தாய் கேட்டால், நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?

பதில் இருக்கிறது. அது ஸ்வீடனிலிருந்து வந்தது. 1995 முதல் 2019 வரை அந்நாட்டில் பிறந்த ஏறத்தாழ 25 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு, முதலில் ஒரு மெல்லிய தொடர்பைக் கண்டது. பிறகு, ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டது: ஒரு பிள்ளையைச் சுமந்தபோது மாத்திரை உட்கொண்டவர், மற்றொரு பிள்ளையைச் சுமந்தபோது உட்கொள்ளவில்லை என்றால், இரு பிள்ளைகளுக்கும் வேறுபாடு தெரிகிறதா? தெரியவில்லை. தாயின் உடல்நிலை, குடும்பத்தின் மரபுக்கூறு ஆகியவற்றின் நிழலே மாத்திரையின் மீது விழுந்திருந்தது. இப்படி ஒரு பதிலைச் சொல்ல 25 லட்சம் குழந்தைகளின் பதிவுகள், அவற்றைப் பல்லாண்டுகள் ஒழுங்காகப் பராமரித்த ஓர் அரசு, நாடு கடந்து கூடி உழைத்த ஆய்வாளர்கள் என அனைத்தும் தேவைப்பட்டன.

ஆட்டிசத்தின் வரலாறே சிறிய எண்ணிக்கைகளுக்கும் பெரிய எண்ணிக்கைகளுக்கும் இடையிலான போராட்டம்தான். 1943இல் லியோ கேனர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 11 குழந்தைகளைக் கவனித்து இந்நிலையை முதன்முதலில் விரிவாக எழுதினார். அவருடைய நுட்பமான கவனிப்பு இன்றும் மதிக்கப்படுகிறது. ஆனால், அதனைத் தொடர்ந்து வந்த விளக்கங்களில் ஒன்று கொடியது. தாயின் அன்பின்மையே காரணம் என்ற கருத்தை 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் தம் நூலால் உலகெங்கும் பரப்பினார். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தனர். 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு, 12 குழந்தைகளை வைத்துக்கொண்டு, தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான தடுப்பூசியின் மீது ஐயத்தை எழுப்பினார். 2010இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று 2019இல் மீண்டும் உறுதிசெய்தது. 12 பேரைக் கொண்டு எழுப்பிய அச்சத்தைத் தணிக்க ஆறரை லட்சம் பேர் தேவைப்பட்டனர். அப்படியும் அந்த அச்சம் அடங்கவில்லை. 2025 நவம்பரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே தன் இணையப் பக்கத்தில் இது குறித்த தெளிவான வாசகத்தை மாற்றி எழுதியது.

பொய்களை மறுப்பதற்கு மட்டுமன்றி, உண்மையைக் கண்டறிவதற்கும் கூட்டு முயற்சியே வழி. 1977இல் பிரிட்டனில் 21 இரட்டையர் இணைகளைக் கொண்டு ஃபோல்ஸ்டீன், ரட்டர் ஆகிய இருவரும் மரபின் பங்கை முதலில் சுட்டிக்காட்டினர். 2019இல் டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து, இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகியவற்றின் பதிவுகளைச் சேர்த்து, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தபோது, ஆட்டிசம் ஏற்படுவதில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 80% மரபு சார்ந்தது என்று தெரிந்தது. 2020இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்று 35,584 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து, தொடர்புடைய 102 மரபணுக்களை அடையாளம் கண்டது. 2025 ஜூலையில், அமெரிக்காவின் ‘ஸ்பார்க்’ திட்டத்தில் சேர்ந்த 5,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவைக் கொண்டு, ஆட்டிசத்தில் குறைந்தது நான்கு வகைகள் உண்டு என்றும், ஒவ்வொன்றின் மரபணுப் பின்னணியும் வேறு என்றும் ஓர் ஆய்வு காட்டியது.

இத்தனை பேர் ஏன் தேவை? அந்த 102 மரபணுக்களில் எந்த ஒன்றை எடுத்துக்கொண்டாலும், அதில் மாற்றம் உடையவர்கள் ஆட்டிசம் உள்ளோரில் நூறில் ஒருவர்கூட இருக்கமாட்டார்கள். ஒரு மருத்துவமனை தன்னிடம் வரும் நோயாளிகளை மட்டும் வாழ்நாள் முழுவதும் கவனித்தாலும் உருவம் புலப்படாது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரைப் பத்துப் பேர் எவ்வளவு வலிமையோடு இழுத்தாலும் அது அசையாது. வடம் நீளமாக இருப்பது பலரும் பிடிப்பதற்காகத்தான்.

இந்த வடத்தை முதலில் நீட்டியவர்கள் விஞ்ஞானிகள் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. 1990களில் அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் தாங்கள் சேகரித்த ரத்த மாதிரிகளைப் பிற கூடங்களோடு பகிர்ந்துகொள்ளத் தயங்கின. ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் பெற்றோரான ஜோனதன் ஷெஸ்டாக், போர்ஷியா ஐவர்சன் இணையர் தொடங்கிய அமைப்பு, 1997இல் குடும்பங்களைத் திரட்டித் தானே ஒரு மரபணு வங்கியை உருவாக்கியது. தகுதியுள்ள எந்த ஆய்வாளரும் அதனைப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. பொருளியலில் நாங்கள் ‘பொதுப்பண்டம்’ என்று கற்பிப்பது இதைத்தான். ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறையாத பண்டம் அது. ஆனால், அதை உண்டாக்கும் செலவை ஏற்கத் தனியொருவர் முன்வருவது அரிது. ஆகவே, அரசோ சமூகமோ முன்வர வேண்டும்.

இந்தப் பெரும் கூட்டில் நாம் எங்கே இருக்கிறோம்? இந்தியாவில் நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள் பற்றி இதுவரை நடந்த பெரிய கள ஆய்வுகளில் ஒன்று 2018இல் வெளியானது. பல நிறுவனங்கள் இணைந்து, 2 முதல் 9 வயது வரையிலான 3,964 குழந்தைகளைப் பரிசோதித்தன. ஏறத்தாழ நூறு குழந்தைகளில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாகத் தெரிந்தது. ஆய்வு நடந்த இடங்கள் ஹரியாணாவின் பல்வல், இமாசலத்தின் காங்ரா, ஒடிசாவின் டேங்கானல், வடக்கு கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து. தமிழ்நாட்டில் ஓர் ஊர்கூட இல்லை.

விஞ்ஞானத்துக்கு நம் பகுதியால் ஆகக்கூடிய உதவி சிறிதன்று. அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் மணம் முடிப்பது தென்மாவட்டங்களில் பழைய வழக்கம். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் ரத்த உறவுக்குள் நடப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகிறது. இத்தகைய குடும்பங்களில், மறைந்து கிடக்கும் மரபணு மாற்றங்கள் வெளிப்பட்டுத் தெரிவது எளிது. மத்தியக் கிழக்கு, துருக்கி, பாகிஸ்தான் ஆகிய பகுதிகளைச் சேர்ந்த நூற்றுக்கும் சற்று மேற்பட்ட குடும்பங்களை, பெரும்பாலும் உறவுத் திருமணக் குடும்பங்களை, ஆராய்ந்து 2008இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் சில புதிய மரபணுக்களைக் கண்டறிந்தனர். அதே கதவு நம் ஊர்களிலும் உண்டு, தட்டுவார்தான் இல்லை. இதை எழுதும்போதே ஓர் எச்சரிக்கையும் தேவை. உறவில் மணந்தோரின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். உறவில் மணக்காதோர் வீடுகளிலும் ஆட்டிசம் உண்டு. பெட்டல்ஹைம் சுமத்திய பழியை வேறு பெயரில் மீண்டும் தாய்மார் தலையில் ஏற்றுவதற்கு இந்தத் தகவலை எவரும் பயன்படுத்திவிடக் கூடாது.

ஆய்வு இல்லாத இடம் வெற்றிடமாக இருப்பதில்லை. சந்தை அதனை நிரப்பிவிடுகிறது. மருத்துவம் ஏனைய சரக்குகளைப் போன்றதன்று என்றும், வாங்குபவரால் அதன் தரத்தை மதிப்பிட முடியாது என்றும் 1963இலேயே கென்னத் ஆரோ எழுதினார். ஆட்டிசத்தில் இது இன்னும் கடுமையாகிறது. மூன்று வயதில் பேசாத பிள்ளை ஐந்து வயதில் பேசினால், அது பயிற்சியின் பலனா, தானாக வந்த வளர்ச்சியா? பணம் கொடுத்த பெற்றோராலும் சொல்ல இயலாது. நல்லெண்ணத்துடன் பயிற்சி கொடுத்தவராலும் சொல்ல இயலாது. பயிற்சி பெறாத பிள்ளைகளோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அந்த ஒப்பீடு இல்லாதவரை எந்தச் சிகிச்சையும் தானே பலனளித்ததாக உரிமை கொண்டாடலாம். சிறப்பு உணவு முறைகள் முதல் லட்சக்கணக்கில் செலவாகும் ஸ்டெம் செல் ஊசிகள் வரை விற்பனையாவது இந்த இருட்டில்தான். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதன்று என்றும், அதனை அளிப்பதும் விளம்பரப்படுத்துவதும் தொழில் ஒழுங்கீனம் என்றும் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் கூறியது. நகை விற்று அந்த ஊசிக்குப் பணம் கட்ட முனையும் குடும்பத்துக்கு இதை எடுத்துச் சொல்ல எந்த ஏற்பாடும் இல்லை.

நியாயமான பயிற்சிக்கும் விலை உண்டு. அதைக் கட்டணச் சீட்டில் காண முடியாது. ராஜபாளையத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 85 கி.மீ. முக்கால் மணி நேரப் பேச்சுப் பயிற்சிக்காகப் போக வர ஒரு நாள் முழுவதும் போய்விடும். வாரம் இருமுறை என்றால் மாதத்தில் எட்டு நாள்கள். 26 வேலை நாள்களில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கணவனும் மனைவியும் நூற்பாலையில் ஷிஃப்ட் பார்க்கும் வீட்டிலோ, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் வீட்டிலோ இந்தக் கணக்கு ஒரே விடையைத்தான் தரும்: தாய் வேலையை விடுவாள், அல்லது பயிற்சி நின்றுவிடும். பெரும்பாலும் முதலில் ஒன்றும் பிறகு மற்றொன்றும் நடக்கின்றன.

இதற்கு மாற்று உண்டா என்பதையும் கூட்டு ஆய்வு ஒன்றே சோதித்துக் காட்டியிருக்கிறது. பிரிட்டனில் 152 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு 2010இல் வெளியான பயிற்சி முறை ஒன்று உண்டு. பிள்ளையோடு விளையாடும் பெற்றோரைக் காணொளியாக எடுத்து, அதை அவர்களுக்கே போட்டுக்காட்டி, பிள்ளையின் சிறு சைகைகளைக் கவனித்து அதற்கேற்ப மறுமொழி தரப் பெற்றோரைப் பழக்குவதே அதன் சாரம். இதைத் தெற்காசியச் சூழலுக்கேற்ப மாற்றி, கோவாவின் ‘சங்கத்’ அமைப்பும் பாகிஸ்தானின் ராவல்பிண்டி ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து 65 குழந்தைகளிடம் சோதித்தனர். முடிவுகள் 2016இல் வெளியாயின. பயிற்சி தந்தவர்கள் சிறப்பு மருத்துவர்கள் அல்லர். குறுகிய காலப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். ஆறு மாதங்களில் 12 அமர்வுகள். பெற்றோரின் மறுமொழி மேம்பட்டது. குழந்தைகள் தாமாக முன்வந்து பெற்றோரோடு தொடர்புகொள்வது கூடியது. எல்லா அளவுகோல்களிலும் பலன் கிட்டவில்லை. அதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். இரு நாடுகளுக்கும் இடையே எத்தனையோ கதவுகள் மூடிக்கிடந்த காலத்தில், கோவாவின் பிள்ளைகளும் ராவல்பிண்டியின் பிள்ளைகளும் ஒரே அட்டவணையில் இடம்பெற்றார்கள்.

கோவா தொலைவு என்றால், ஆய்க்குடி அருகில் இருக்கிறது. தென்காசி மாவட்டத்தின் இச்சிற்றூரில், விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது அமர் சேவா சங்கம். அதன் களப்பணியாளர்கள், வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளின் வீடுகளுக்கே சென்று பெற்றோருக்குப் பயிற்சி தருகிறார்கள். ஒவ்வொரு குழந்தையின் முன்னேற்றமும் செயலியில் பதிவாகிறது. தொலைவிலிருக்கும் வல்லுநர் அதைப் பார்த்து வழிகாட்டுகிறார். கனடா நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து தங்கள் பணியைத் தாங்களே அளந்து, முடிவுகளைப் பன்னாட்டு ஆய்விதழ்களில் வெளியிட்டும் இருக்கிறார்கள். நம் பக்கத்து மாவட்டத்தில் நடப்பதை நம் மாவட்டத்தில் நடத்த எது தடை?

தடை பணமன்று என்றே கருதுகிறேன். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்க வேண்டும். மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் வேண்டும் என்பதும் அத்திட்டமே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தனிக் குறைபாடாக ஏற்கிறது. வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. உலக வங்கிக் கடனுதவியுடன் 1,763 கோடி ரூபாய் மதிப்பில் மாற்றுத்திறனாளிகளுக்கான ‘உரிமைகள்’ திட்டத்தை மாநில அரசு நடத்துகிறது. பரிசோதிப்பவர் ஒரு துறை, சான்றிதழ் தருபவர் இன்னொரு துறை, பயிற்றுவிப்பவர் மற்றொரு துறை. பிள்ளைக்கு என்ன ஆனது என்று தொடர்ந்து பார்ப்பவர் மட்டும் எந்தத் துறையிலும் இல்லை.

ஆகவே என் யோசனை எளியது. விருதுநகர் மாவட்டத்தில் 11 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. வீடு தேடிச் செல்லும் பெற்றோர் பயிற்சியை எல்லா ஒன்றியங்களிலும் ஒரே நாளில் தொடங்க எந்த அரசாலும் இயலாது. ஆள் பயிற்றவே காலம் பிடிக்கும். எங்கே முதலில் தொடங்குவது என்பதைச் சிபாரிசுக்கு விடாமல், குடவோலை முறையில் முடிவு செய்யட்டும். முதல் ஆண்டில் நான்கு ஒன்றியங்கள், அடுத்த ஆண்டில் நான்கு, மூன்றாம் ஆண்டில் எஞ்சிய மூன்று. எல்லா ஒன்றியங்களிலும் குழந்தைகளின் நிலை தொடக்கம் முதலே ஒரே அளவுகோலால் பதிவாகட்டும். ராஜபாளையத்துக்கு முதலில் சீட்டு விழுந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஓராண்டு காத்திருக்க நேர்ந்தால், அந்த ஓராண்டின் ஒப்பீடே நமக்கு உண்மையைச் சொல்லிவிடும். இறுதியில் யாரும் விடுபடமாட்டார்கள். பயிற்சி பயன் தந்ததா, எவ்வகைப் பிள்ளைகளுக்குத் தந்தது, என்ன செலவானது என்ற மூன்று கேள்விகளுக்கும் தமிழகத்துக்கே உரிய விடை கிடைக்கும். மருத்துவக் கல்லூரியும் ஆய்க்குடியும் ஓரிரு பல்கலைக்கழகங்களும் கைகோத்தால் போதும்.

‘முதலில் சிகிச்சை கொடுங்கள், ஆய்வு பிறகு ஆகட்டும்’ என்று சிலர் கூறுவர். நியாயமான கோபம்தான். ஆயினும், பலன் தெரியாத சிகிச்சையை விரிவுபடுத்துவது ஏழைக் குடும்பத்தின் நேரத்தைக் கேட்காமல் எடுத்துச் செலவழிப்பதாகும். மேலே சொன்ன ஏற்பாட்டில் சேவையும் ஆய்வும் இரண்டு செலவுகள் அல்ல. எப்படியும் தரவேண்டிய சேவையை, கண்ணைத் திறந்துகொண்டு தருவதுதான் அது.

மரபணு ஆய்வுக்குச் சில நிபந்தனைகள் கட்டாயம் வேண்டும். ரத்தத்தை எடுத்துக்கொண்டு போய், கட்டுரை எழுதி, பிறகு திரும்பிப் பாராத ஆய்வுகளை ஏழை நாடுகள் கண்டிருக்கின்றன. ஒப்புதல் படிவம் தமிழில், படித்துக் காட்டி விளங்கவைக்கும் வகையில் இருக்க வேண்டும். தரவு இந்தியாவில் இருக்க வேண்டும். அதற்கென ஃபரிதாபாதில் தேசிய உயிரியல் தரவு மையம் 2022 முதல் இருக்கிறது. கண்டறிந்ததைக் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். மரபணு கொடுக்க மறுத்த குடும்பத்துக்கும் பயிற்சி குறையாமல் கிடைக்க வேண்டும். அனைத்துக்கும் மேலாக, ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் குரல் கேட்கப்பட வேண்டும். பிரிட்டனில் 10,000 பேரின் மரபணுவைச் சேகரிக்க 2021இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தொடங்கிய பெருந்திட்டம், ஆட்டிசம் உள்ளோரின் எதிர்ப்பால் சில வாரங்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. ‘எங்களைப் போன்றோர் பிறக்காமல் தடுக்கவா இந்த ஆய்வு?’ என்று அவர்கள் கேட்டார்கள். தங்களைக் குறையாகக் கருதாமல், வாழ்வதற்கான துணையைத் தருமாறு கேட்பது அவர்களின் உரிமை. காரணத்தைத் தேடும் ஆய்வும் துணையைத் தேடும் ஆய்வும் ஒன்றையொன்று விழுங்காமல் நடக்க, மேசையைச் சுற்றி அவர்களுக்கும் இருக்கை வேண்டும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 2 அன்று உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளில் கட்டடங்கள் நீல விளக்குகளால் ஒளிர்கின்றன. பேரணிகள் நடக்கின்றன, உறுதிமொழிகள் ஏற்கப்படுகின்றன. அவை வேண்டியவைதான். ஆனால், விழிப்படைந்த தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள் என்ற கேள்விக்கு விளக்குகள் விடை சொல்வதில்லை. இன்று இரண்டு வயதாகும் பிள்ளைக்கு அடுத்த நிதிநிலை அறிக்கையின்போது மூன்று ஆகும். அதற்கடுத்த அறிக்கையின்போது நான்கு ஆகும். மொழி பழகும் அந்த ஆண்டுகள் கோப்புகளுக்காகக் காத்திருப்பதில்லை. மாவட்ட ஆட்சியர் ஒரு கூட்டத்தைக் கூட்டி, நான்கு துறைகளையும் ஒரு மேசைக்குக் கொண்டுவந்து, 11 சீட்டுகளைக் குடத்தில் இடுவதற்கு எந்த விஞ்ஞானியின் அனுமதியும் தேவையில்லை.